கதிரவனுக்கு ஒப்பான விண்மீன்களைத் தேடி

பகலில் நாம் காணும் கதிரவனும் இரவில் நாம் காணும் விண்மீன்களும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை என்னும் உண்மையைப் பள்ளிச் சிறுவரும் இன்று அறிவர். அருகில் இருப்பதால் கதிரவன் பெரிதாகத் தோன்றுகிறது. தொலைவில் இருப்பதால் விண்மீன்கள் சிறு புள்ளிகளாகத் தோன்றுகின்றன. ஆயினும் விண்மீன்கள் யாவும் ஒன்றுபோல அமைந்தவை அல்ல. நீல நிறமாய் எரிந்து சில கோடி ஆண்டுகளிலேயே முடிந்துபோகும் பெரிய விண்மீன்கள் உண்டு. தணலைப்போலச் செந்நிறமாய்க் கனன்று மிக நெடுங்காலம் நீடிக்கும் சிறிய விண்மீன்களும் உண்டு. இவற்றிடையே நிறையிலும் சூட்டிலும் ஒளியிலும் நம் கதிரவனை ஒத்தவை எவை? அவற்றுள் ஒன்றையேனும் நம் நாட்டிலிருந்து வெறுங்கண்ணால் காண இயலுமா? கண்டால் நமக்கு ஆகும் பயன் யாது?

இவ்வினாக்களைப் பங்கு இளைஞர் மன்றத்தில் ஒரு மாணவர் எழுப்பினார். அவருக்கு விடையளிக்க நூல்களைப் புரட்டியபோது, தமிழ் மண்ணிலேயே மூன்று இடங்கள் இப்பொருளோடு நெருங்கிய தொடர்புடையவை என்று அறிந்தோம். புதுவைக் கடற்கரை ஒன்று, கோடைமலை மற்றொன்று, சவ்வாது மலைக் காவலூர் மூன்றாவது. கோடை விடுமுறையில் இளைஞர் அறுவருடன் இம்மூன்று இடங்களுக்கும் சென்று வந்தோம். அங்குக் கண்டவற்றையும் அறிந்தவற்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

புதுவைக் கடற்கரையில்

புதுவை நகரின் மிஷன் வீதியில் அமலோற்பவ அன்னையின் பேராலயம் நிற்கிறது. மக்கள் இதனைச் 'சம்பா கோவில்' என்பர். புனித பவுலின் பெயர் பிரெஞ்சு மொழியிலிருந்து தமிழர் நாவில் புரண்டு 'சம்பா' ஆயிற்று. இன்றுள்ள கட்டடம் 1791-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. இதற்கு முன் இங்கு எழுந்த ஆலயங்கள் போர்களில் இடிபட்டன. ஆலயத்தின் கதை தொடங்குவதற்குச் சற்று முன்னர், 1689-ஆம் ஆண்டில், சயாம் நாட்டிலிருந்து சில இயேசு சபைத் துறவிகள் இக்கரையில் வந்து இறங்கினர். அவர்களுள் ஒருவர் ஜான் ரிஷோ அடிகளார்.

பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி, கணிதமும் வானியலும் கற்ற இயேசு சபைக் குருக்களைச் சயாம் மன்னனின் அவைக்கு அனுப்பியிருந்தான். அக்குழுவைச் சேர்ந்தவரே ரிஷோ அடிகளார். 1688-இல் சயாமில் அரசுப் புரட்சி மூண்டது. பிரெஞ்சுக்காரர்கள் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. எந்தப் பணிக்காகக் கடல் கடந்து வந்தாரோ அந்தப் பணி பாழாகிய நிலையில், புதுவை என்னும் அன்றைய சிறு துறைமுகத்தில் அடிகளார் தஞ்சம் புகுந்தார். ஆனால் வானத்தை நோக்கும் பழக்கத்தை அவர் கைவிடவில்லை. 1689 டிசம்பரில் தென்வானில் ஒரு வால்மீன் தோன்றியது. அதனைத் தொலைநோக்கியால் ஆராய்ந்துகொண்டிருந்தபோது அருகில் ஒளிர்ந்த ஒரு விண்மீனின்மேல் அவர் பார்வை விழுந்தது. வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றிய அவ்விண்மீன் கருவியில் இரண்டாகப் பிரிந்து தெரிந்தது. 'ஆல்பா சென்டாரி' என்று வானியலார் வழங்கும் விண்மீன் அதுவே. அது ஓர் இரட்டை விண்மீன் என்று முதன்முதலில் கண்டவர், புதுவையில் தங்கியிருந்த அந்தக் குருவானவரே.

மே மாதத்து இரவு ஒன்றில், பத்து மணியளவில், கடற்கரைச் சாலையின் விளக்குகளைவிட்டு விலகி நகரின் தெற்கேயுள்ள மீனவர் குப்பத்துக்கு அப்பால் சென்று மணலில் நின்றோம். தென்திசையில் அடிவானத்திலிருந்து சற்று மேலே தென்சிலுவை நேராக நிமிர்ந்து நின்றது. அதற்கு இடப்பக்கத்தில் இரு பெரிய விண்மீன்கள் அருகருகே ஒளிர்ந்தன. அவ்விரண்டில் சிலுவைக்கு அப்பால் தள்ளி, பொன்னிறம் கலந்து மிகுதியாகச் சுடர்வது எதுவோ அதுவே ஆல்பா சென்டாரி. படகின்மேல் அமர்ந்து வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், "பெரியவரே, அந்த விண்மீனைத் தெரியுமா?" என்று வினவினோம். கடற்கரை மக்கள் விண்மீனை வெள்ளி என்றே சொல்வர். "தெரியாம என்ன சாமி, எங்க அப்பன் பாட்டன் எல்லாம் தெக்க கெடக்கிற வெள்ளியப் பாத்துத்தான் கரை சேந்தாங்க. இப்ப கையில ஒரு கருவி இருக்கு, அது வழி சொல்லுது. ஆனா வெள்ளி அங்கதான் இருக்கு" என்று அவர் விடையிறுத்தார்.

அந்த வெள்ளிதான் கதிரவனை ஒத்த விண்மீன்களுள் நமக்கு மிக அருகில் இருப்பது. அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 4.37 ஆண்டுகள் ஆகின்றன. தாமஸ் ஹெண்டர்சன் என்பார் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து 1832, 1833-ஆம் ஆண்டுகளில் செய்த அளவீடுகளைக் கொண்டு அதன் தொலைவைக் கணித்து 1839-இல் வெளியிட்டார். இரட்டையரில் பெரியதனை 'ஏ' என்றும் சிறியதனை 'பி' என்றும் குறிப்பர். 'ஏ' விண்மீன் நம் கதிரவனின் வகுப்பையே சேர்ந்தது; மேற்பரப்பின் வெப்பமும் ஏறத்தாழ நம் கதிரவனின் வெப்பமே. நிறையில் கதிரவனைவிட நூற்றுக்கு எட்டுப் பங்கு மிகுதி. ஒளியில் ஒன்றரை மடங்கு. 'பி' விண்மீன் சற்றுச் சிறியது, சூடு குறைந்தது. இரண்டும் ஒன்றையொன்று ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு ஒரு முறை சுற்றி வருகின்றன. மூன்றாவதாக 'பிராக்சிமா' என்னும் மங்கிய செந்நிற விண்மீனும் அவற்றோடு சேர்ந்தது. 1915-இல் கண்டறியப்பட்ட அதுவே கதிரவனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன்.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். ரிஷோ அடிகளார் தாம் கண்டது கதிரவனை ஒத்த விண்மீன் என்று அறிந்திருக்க இயலாது. அதன் தொலைவே அன்று எவருக்கும் தெரியாது. எனினும், அதற்குத் துணை உண்டு என்று அவர் கண்டதே, அது நம் கதிரவனிடமிருந்து வேறுபடும் முதல் இடமாகும். நம் கதிரவன் தனித்து வாழ்கிறது. அதுவோ துணையோடு வாழ்கிறது. மிக நெருங்கிய ஒப்புமையிலும் வேற்றுமை ஒன்று ஒளிந்திருந்தது.

"சாமி, அங்கேயிருந்து பார்த்தால் நம் சூரியன் எப்படித் தெரியும்?" என்று இளைஞர் ஒருவர் கேட்டார். அங்கிருந்து நோக்குவோர் எவரேனும் இருப்பின், வடவானில் 'காசியோப்பியா' என்னும் மண்டலத்தில், ஒளி மிக்க விண்மீன்களுள் ஒன்றாக நம் கதிரவன் அவர்களுக்குத் தோன்றும். நம் வயல்களும் கடல்களும் கோவில்களும் எல்லாம் அந்த ஒரு புள்ளியின் அருகே அடங்கிவிடும்.

ஒப்புமையை அளப்பது எவ்வாறு?

கையால் தொட இயலாத, எந்தக் கலமும் இன்றுவரை சென்றடையாத ஒரு விண்மீனைக் கதிரவனுக்கு ஒப்பானது என்று எவ்வாறு சொல்வது? இதற்கு வழிகாட்டிய முன்னோடிகளுள் ஒருவரும் ஓர் இயேசு சபைத் துறவியே. உரோமை நகரில் புனித இஞ்ஞாசியார் ஆலயத்துக்குச் செல்லும் திருப்பயணிகள், அண்ணாந்து நோக்கிக் குவிமாடம் ஒன்றைக் கண்டு வியப்பர். அது உண்மையான குவிமாடம் அன்று; துணியில் அந்திரேயா பொத்சோ என்னும் துறவி 1685-இல் தீட்டிய ஓவியம். கட்டப்படாமல் நின்றுபோன அக்குவிமாடத்தைத் தாங்குவதற்காக எழுப்பப்பட்ட உறுதியான தூண்களின்மேல், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆஞ்செலோ செக்கி அடிகளார் தம் வானாய்வுக்கூடத்தை அமைத்தார்.

விண்மீனின் ஒளியை முப்பட்டைக் கண்ணாடி வழியே செலுத்தினால் அது வானவில்லைப்போல நிறங்களாகப் பிரியும். அந்நிறமாலையின் குறுக்கே கருங்கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோடும் அந்த விண்மீனில் உள்ள ஒரு தனிமத்தின் கையொப்பம். இரும்பு, சோடியம், கால்சியம் என ஒவ்வொன்றும் தன் கோட்டினால் தன்னை வெளிப்படுத்தும். 1860-களில் செக்கி அடிகளார் பல நூறு விண்மீன்களின் நிறமாலைகளை ஆராய்ந்து அவற்றை வகைகளாகப் பிரித்தார். அவற்றுள் இரண்டாம் வகையில் நம் கதிரவனையும், அதனைப்போன்ற கோடுகளையுடைய மஞ்சள் நிற விண்மீன்களையும் சேர்த்தார். கதிரவனை விண்மீன்களின் வரிசையில் உட்கார வைத்துப் பார்த்த பெருமை அவருடையது. ஆனால் அந்த இரண்டாம் வகை மிகப் பரந்தது. அதில் கதிரவனைப்போலப் பல மடங்கு ஒளிவீசும் பெருவிண்மீன்களும் இடம்பெற்றிருந்தன. ஒரே சாயல் உடையோர் யாவரும் ஒரே குடும்பத்தினர் ஆவரோ?

நுட்பமான தேடல் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தொடங்கியது. பாரிசு வானாய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜியூசா கைரெல் டி ஸ்ட்ரோபெல் என்னும் அம்மையார், கதிரவனை எல்லா வகையிலும் ஒத்த ஒரு 'இரட்டையைத்' தேடுவதையே தம் ஆய்வின் குறிக்கோள்களுள் ஒன்றாகக் கொண்டார். 1996-இல் அவர் எழுதிய விரிவான ஆய்வுரைக்குத் தலைப்பே 'கதிரவனை ஒத்த விண்மீன்கள்' என்பதாகும். ஒப்புமையில் மூன்று படிகள் உண்டு என்பர் இத்துறையினர். பொதுவான சாயல் மட்டும் உடையவை முதற்படி. வெப்பத்திலும் தனிமச் சேர்க்கையிலும் நெருங்கியவை இரண்டாம் படி. நிறை, வெப்பம், ஒளி, சேர்க்கை யாவற்றிலும் அளவீட்டுப் பிழைக்குள் ஒன்றிப்போகின்றவை மூன்றாம் படி. ஊரார், உறவினர், இரட்டைப் பிள்ளைகள் என்று நம் குடும்ப வழக்கில் இவற்றைக் கூறலாம்.

கோடைமலையில்

ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட வேண்டுமானால் முதலில் ஒன்றையாவது நன்கு அறிந்திருக்க வேண்டும். நம் கதிரவனை அறிய வேண்டுமானால் கோடைமலைக்குத்தான் செல்ல வேண்டும். வத்தலக்குண்டுச் சமவெளியின் வெயிலை விட்டு மலைப்பாதையில் ஏறினோம். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்தது. வெள்ளி அருவியைக் கடந்து, செண்பகனூரில் இயேசு சபையினரின் திரு இருதயக் கல்லூரியைக் கண்டு, ஊருக்கு அப்பாலுள்ள மேட்டுக்குச் சென்றோம். கடல்மட்டத்துக்கு மேல் 2,300 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் அமைந்துள்ளது அங்குள்ள கதிரவ ஆய்வுக்கூடம்.

இக்கூடம் பிறந்த கதை நெஞ்சைத் தொடுவது. சென்னை மாகாணத்தைக் கொடிய பஞ்சம் வாட்டிய பின்னர், மழை பொய்ப்பதற்கும் கதிரவனின் மாறுதல்களுக்கும் தொடர்பு உண்டா என்று அறிய வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. அக்கருத்தே 1899-இல் இக்கூடத்துக்கு அடிகோலியது. மக்களின் பசியே கதிரவனை நோக்கி மனிதரின் கண்களைத் திருப்பியது. 1909-இல் இங்குப் பணியாற்றிய ஜான் எவர்ஷெட், கதிரவனின் கரும்புள்ளிகளில் வளிமம் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். உலகெங்கும் அது அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது.

அதனினும் மேலாக நாம் கருதுவது, இங்கு நாள்தோறும் நடந்துவந்த அமைதியான பணியையே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல், வானம் தெளிந்த நாள்களிலெல்லாம் கதிரவனைப் படமெடுத்து வந்துள்ளனர். வெண்ணொளியில் எடுத்தவை ஒரு வகை. கால்சியத்தின் ஊதாநிறக் கோட்டொளியில் எடுத்தவை மற்றொரு வகை. நம் எலும்பிலும் சுண்ணாம்பிலும் உள்ள அதே கால்சியம், கதிரவனில் காந்த ஆற்றல் மிக்க இடங்களை ஒளிர்த்துக் காட்டுகிறது. இந்தக் கால்சியப் படங்கள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் தொடர்ந்து சேர்க்கப்பட்டன. ஆய்வுக்கூட அருங்காட்சியகத்தில் கதிரவனின் உருவம் திரையில் விழுவதையும், அதன் நிறமாலையில் கருங்கோடுகள் நிற்பதையும் எம் இளைஞர்கள் கண்டு மகிழ்ந்தனர். அங்கிருந்த ஊழியர் ஒருவரிடம், "இங்கு எப்போதும் மேகம் சூழ்கிறதே, என்ன செய்வீர்கள்?" என்று கேட்டோம். "காத்திருப்போம், ஃபாதர். கொஞ்சம் விலகினாலும் எடுத்துவிடுவோம்" என்று அவர் சொன்னார். அச்சிறு விடையில் நூறாண்டுப் பொறுமை அடங்கியிருந்தது.

இவ்வாறு சேர்த்த படங்கள் உணர்த்துவது யாது? கதிரவன் மாறாத விளக்கு அன்று. ஏறத்தாழ பதினோர் ஆண்டுகளுக்கு ஒரு முறை கரும்புள்ளிகள் பெருகிப் பின் அருகுகின்றன. இந்த முறையும் எப்போதும் ஒழுங்காக நடப்பதில்லை. 1645 முதல் 1715 வரை கதிரவனில் கரும்புள்ளிகள் மிக அரிதாகவே தோன்றின. புதுவையில் ரிஷோ அடிகளார் வானை நோக்கிய 1689-ஆம் ஆண்டும் அந்த நீண்ட அமைதிக்காலத்திலேயே அடங்கும். கதிரவன் ஏன் அவ்வாறு அமைதியுற்றது? மீண்டும் அவ்வாறு அமைதியுறுமா? அல்லது சீற்றம் கொள்ளுமா? ஒரே ஒரு கதிரவனை நூறாண்டுகள் மட்டும் பார்த்து இவ்வினாக்களுக்கு விடை காண இயலாது. ஒரு மனிதரின் ஒரு நாளைய செயலைப் பார்த்து மனித இயல்பை முழுதும் அறிந்துவிட இயலுமா? பலரை, பல வயதில், பல நிலையில் காண வேண்டும். கதிரவனை ஒத்த விண்மீன்களைத் தேடுவதன் முதற்பயன் இதுவே.

கோடைமலையின் இயக்குநராக 1960-இல் பொறுப்பேற்ற வைணு பாப்பு அவர்கள், அதற்கு முன் அமெரிக்காவில் ஓலின் வில்சன் என்பாரோடு இணைந்து விண்மீன்களின் கால்சியக் கோட்டை ஆராய்ந்தவர். அக்கோட்டின் நடுவே தோன்றும் ஒளியின் அகலத்துக்கும் விண்மீனின் உண்மையான ஒளிர்வுக்கும் தொடர்பு உண்டு என்று 1957-இல் இருவரும் நிறுவினர். பின்னர் 1966 முதல் வில்சன், கலிபோர்னியாவின் வில்சன் மலையில், கதிரவனைப்போன்ற பல விண்மீன்களின் கால்சிய ஒளியை இடைவிடாது அளந்தார். கதிரவனின் பதினோராண்டுச் சுழற்சியைப்போன்ற ஏற்ற இறக்கங்கள் அவற்றுள்ளும் பலவற்றில் இருப்பதை 1978-இல் வெளியிட்டார். கதிரவனின் பழக்கம் அதற்கு மட்டும் உரியது அன்று என்று அப்போது தெளிவாயிற்று.

காவலூர் மலையில்

கதிரவனை ஆராய மலையுச்சியின் பகல் வேண்டும். விண்மீன்களை ஆராய நகர் விளக்கு எட்டாத இரவு வேண்டும். அத்தகைய இரவைத் தேடி வைணு பாப்பு அவர்கள் தேர்ந்தெடுத்த இடமே, வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகச் சென்றடையும் காவலூர். சவ்வாது மலையில் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், காட்டின் நடுவே வெண்ணிறக் கூண்டுகள் எழுந்து நிற்கின்றன. யுரேனசு கோளைச் சூழ்ந்த வளையங்கள் 1977 மார்ச்சில் கண்டறியப்பட்டபோது, காவலூரில் செய்த அளவீடுகளும் அக்கண்டுபிடிப்பில் பங்குகொண்டன. இங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் செயற்பட்டது. அதனைக் கனவு கண்டு உருவாக்கிய பாப்பு அவர்கள் 1982-இலேயே மறைந்துவிட்டார். ஆய்வுக்கூடமும் தொலைநோக்கியும் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றன.

காவலூரின் இரவு வானைப் பார்த்தவர் மறக்கமாட்டார். மலைச்சாலையின் ஓரத்தில் நின்று, விருச்சிக மண்டலத்தை நோக்கினோம். செந்நிறக் கேட்டை மீனும் அதன் முன்னே வரிசையாய் நிற்கும் அனுட மீன்களும் எளிதில் புலப்பட்டன. அனுட மீன்களுக்கு வடக்கே, ஒளி குன்றிய விண்மீன்கள் சிதறிக் கிடக்கும் பகுதியில், இரட்டைக் கண்ணாடித் தொலைநோக்கியின் துணையோடு ஒரு மங்கிய புள்ளியைத் தேடிக் கண்டோம். கூரிய கண்ணுடைய இளைஞர் ஒருவர் கருவியின்றியே தமக்கு அது தெரிவதாகச் சொன்னார். விருச்சிகத்தின் 18-ஆம் எண் விண்மீன் என்பது அதன் பெயர். புதுவையில் கண்ட ஆல்பா சென்டாரியின் பெருமிதம் இதற்கு இல்லை. பெயர் தெரியாதவர் எவரும் இதனைத் திரும்பிப் பாரார். ஆயினும் கதிரவனின் 'இரட்டை' என்று சொல்லத்தக்க நெருக்கமான ஒப்புமையுடையது இதுவே என்று 1997-இல் பிரேசில் நாட்டு அறிஞர்களான போர்ட்டோ டி மெல்லோவும் டா சில்வாவும் காட்டினர். ஏறத்தாழ 46 ஒளியாண்டுத் தொலைவில், துணையின்றித் தனித்து, கதிரவனைப்போன்றே ஒளிர்கிறது. நிறையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கே மிகுதி. வெப்பத்தில் சில பத்துப் பாகைகளே ஏற்றம்.

"அப்படியானால் நாம் தேடியது கிடைத்துவிட்டது!" என்று இளைஞர் ஒருவர் உவகையோடு கூறினார். ஆனால் இங்கும் வேற்றுமை உண்டு. அது நம் கதிரவனைவிட வயதில் இளையது. அதன் கரும்புள்ளிச் சுழற்சி ஏறத்தாழ ஏழாண்டுகளில் முடிந்துவிடுகிறது. அதில் லித்தியம் என்னும் தனிமம் கதிரவனில் உள்ளதைவிட மிகுதியாக எஞ்சியிருக்கிறது. கதிரவனோ பிறந்தபோது பெற்ற லித்தியத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவானதையே இன்று தன் மேற்பரப்பில் வைத்திருக்கிறது. வயது ஏற ஏறத் தலைமுடி நரைப்பதுபோல, கதிரவ வகை விண்மீன்களில் லித்தியம் குறைந்துகொண்டே செல்கிறது என்று பின்வந்த ஆய்வுகள் உணர்த்தின. மகர மண்டலத்தில் ஏறத்தாழ 250 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள ஓர் இரட்டையின் வயது 820 கோடி ஆண்டு என்று 2013-இல் கணித்தனர்; அதில் லித்தியம் கதிரவனில் இருப்பதைவிடவும் குறைவு. நம் கதிரவனின் வயதோ ஏறத்தாழ 457 கோடி ஆண்டு. இளைய தம்பியின் முகத்தில் கதிரவனின் இளமையையும், முதிய தமையனின் முகத்தில் அதன் முதுமையையும் இன்று நாம் ஒருங்கே காண்கிறோம்.

தம்பி, தமையன் என்றதும் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். உருவத்தால் ஒத்தது வேறு, உடன்பிறந்தது வேறு. கதிரவன் பிறந்த அதே வளிமக் கூட்டத்தில் பிறந்து, காலப்போக்கில் பிரிந்து சென்ற விண்மீன்கள் பல இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்றாகக் கருதத்தக்க விண்மீன் ஒன்றை, ஏறத்தாழ 110 ஒளியாண்டுத் தொலைவில், 2014-இல் அடையாளம் கண்டனர். அது கதிரவனைவிடச் சற்றுப் பெரியது. முகச்சாயலில் இரட்டை அன்று. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் வேறு முகத்தோடும், எங்கோ பிறந்த இருவர் ஒரே முகத்தோடும் இருப்பது நம் ஊர்களிலும் உண்டு அல்லவா!

இத்தேடலில் நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது, பெரு நாட்டில் பிறந்த ஜோர்ஜ் மெலெண்டெஸ் என்பாரும் அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்ட முடிவாகும். கதிரவனின் இரட்டையர் பதினொருவரைக் கதிரவனோடு ஒப்பிட்டபோது, மிகுந்த வெப்பத்திலும் எளிதில் ஆவியாகாத இரும்பு, அலுமினியம் போன்ற தனிமங்கள் நம் கதிரவனில் சற்றுக் குறைவாக இருப்பது தெரிந்தது. குறைந்த அந்தப் பங்கு எங்கே போயிற்று? நிலமாகிய இப்பூமியும் மற்றப் பாறைக் கோள்களும் உருவானபோது அப்பொருள்கள் அவற்றில் சேர்ந்துவிட்டன என்பது அவர்கள் கூறிய விளக்கம். இவ்விளக்கத்தை மறுத்து வேறு காரணம் கூறுவோரும் உண்டு. வாதம் இன்னும் முடிந்தபாடில்லை. அது உண்மையானால், நாம் கால் ஊன்றி நிற்கும் மண், கதிரவனுக்குச் சேர வேண்டியதிலிருந்து நமக்காக ஒதுக்கிவைக்கப்பட்ட பங்கு எனலாம்.

ஒப்புமை தரும் எச்சரிக்கை

விண்மீன்களை ஒப்பிடுவது வெறும் பொழுதுபோக்கு அன்று. 1859 செப்டம்பர் முதல் நாளில் கதிரவனில் பெருஞ்சுடர் ஒன்று வெடித்தது. அதனைத் தொடர்ந்த காந்தப் புயலால் தந்தி நிலையங்களில் தீப்பொறி பறந்தது. 1989 மார்ச்சில் வீசிய சிறிய புயல் ஒன்று கனடாவின் கியூபெக் மாநிலத்தில் அறுபது இலட்சம் மக்களை ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் இருளில் ஆழ்த்தியது. மருத்துவமனையும் குடிநீரும் தொலைபேசியும் மின்சாரத்தையே நம்பி இயங்கும் இக்காலத்தில், இதனினும் பன்மடங்கு பெரிய சீற்றம் எழுமாயின் என்னாகும்?

கெப்ளர் என்னும் விண்கலம் திரட்டிய அளவீடுகளைக் கொண்டு, கதிரவனை ஒத்த 56,450 விண்மீன்களை ஆராய்ந்த முடிவு 2024 டிசம்பரில் வெளிவந்தது. அத்தகைய விண்மீன் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ நூறாண்டுக்கு ஒரு முறை மிகப் பெரிய சுடர் வெடிக்கிறது என்று அது கூறுகிறது. ஆனால் 2020-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, நம் கதிரவனை ஒத்த 369 விண்மீன்களின் ஒளி மாறுபாடு சராசரியாகக் கதிரவனின் மாறுபாட்டைவிட ஐந்து மடங்கு மிகுதி என்று காட்டியது. அவ்வாறாயின் நம் கதிரவன் தன் இனத்தாரைவிட இயல்பிலேயே சாந்தமானதா, அல்லது இப்போதைக்கு மட்டும் உறங்குகிறதா? இதற்கு உறுதியான விடை இன்னும் எட்டவில்லை. கோடைமலையிலும் காவலூரிலும் பணிபுரியும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனம் உருவாக்கிய கருவியைத் தாங்கி, 2023 செப்டம்பரில் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆதித்யா விண்கலம், 2024 சனவரியில் தன் இடத்தை அடைந்து கதிரவனை நோக்கத் தொடங்கியது. பஞ்சத்தின் விளைவாக மலையில் ஏற்றிய விளக்கு இன்று விண்ணில் எரிகிறது.

இளைஞர் மன்றத்தில் எழுந்த மற்றொரு வினாவுக்கும் இங்கு விடை கூற வேண்டும். "கதிரவனைப்போன்ற விண்மீன்கள் இத்தனை இருக்க, நமக்கென்ன தனிச்சிறப்பு?" என்று அம்மாணவர் கேட்டிருந்தார். 1995-இல் கதிரவனை ஒத்த விண்மீன் ஒன்றைச் சுற்றும் கோள் முதன்முதலில் கண்டறியப்பட்டது முதல், கோள்கள் ஆயிரக்கணக்கில் அறியப்பட்டுள்ளன. ஆல்பா சென்டாரி 'ஏ' விண்மீனைச் சுற்றியும் ஒரு கோள் இருக்கலாம் என்னும் குறிப்பு 2025 ஆகஸ்டில் வெளியாயிற்று; அது இன்னும் உறுதி செய்யப்படவேண்டியது. எனினும் இப்பயணத்தில் நாம் கற்றது வேறொன்று. வானியலார் நெருங்கிய ஒப்புமையைத் தேடிச் சென்றபோதெல்லாம், ஒவ்வொரு விண்மீனிலும் மற்றொன்றில் இல்லாத ஏதோ ஒன்றைக் கண்டனர். ஒன்றுக்குத் துணை உண்டு, ஒன்று இளையது, ஒன்று முதியது, ஒன்று சீற்றம் மிக்கது. இனத்தால் ஒன்றாய் இருப்பதும் தனித்தன்மையோடு இருப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒரு குடும்பத்தில் பல பிள்ளைகள் பிறந்தமையால் எந்தப் பிள்ளையும் பெற்றோர்க்கு மதிப்பிழந்துபோவதில்லை என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

வாசகர்களே, ஏப்ரல் இறுதி முதல் ஜூன் வரை, விளக்கு வெளிச்சம் குறைந்த இடத்தில், இரவு பத்து மணியளவில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தென்வானை நோக்குங்கள். தென்சிலுவையின் இடப்பக்கத்தில், அடிவானத்துக்குச் சற்று மேலே, பொன்னிறமாய் ஒளிரும் ஆல்பா சென்டாரியைச் சுட்டிக் காட்டுங்கள். தென்மாவட்டங்களில் உள்ளவர்களுக்கு அது இன்னும் சற்று உயரத்தில் தெரியும். பகலில் கதிரவனை வெறுங்கண்ணால் ஒருபோதும் நோக்கலாகாது. அதன் முகத்தை எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் கேட்டால், இரவில் இந்த விண்மீனைக் காட்டி, தொலைவில் நின்று பார்த்தால் நம் கதிரவனும் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லுங்கள்.